காது அறுத்த கிடா

வளர்மதிக்கு எதையும் எடுத்த எடுப்பில் நம்பிப் பழக்கமில்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலால் தொட்டு நக்கிப் பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கோயிலில் அந்தோணியார் சொரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினால், கோயில்பிள்ளை அதை ஊதி அணைத்து எடுத்து வைத்துக்கொள்கிறாரா என்று கதவோரம் நின்று பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவாள். கெட்ட மனசு என்று சொல்லிவிட முடியாது. யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சியோடு முதலில் போய் நிற்பவள் அவள்தான். கஞ்சியைக் கொடுத்துவிட்டு, நிஜமாகவே காய்ச்சல்தானா என்று நெற்றியையும் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

அவள் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். கணவன் சவரிமுத்துவுக்குக் கொல்லிமலைமேல் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. எந்த அலுவலகம் என்று சொன்னால் வம்பு, அது நமக்கு வேண்டாம். கீழேயிருந்து மலைக்குப் போடப்பட்டவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் யாரையாவது பிடித்து இறங்கிவிடுவார்கள். சவரிமுத்து யாரையும் பிடிக்கத் தெரியாத மனிதர். அங்கே பெரக்கரை நாடு என்கிற பகுதியில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்ததுதான் அவர் பிடித்த ஒரே பிடி. அதிலேயே பதினோரு வருடம் ஓடிவிட்டது.

ஒரே மகள் சங்கீதா. ஐந்தாம் வகுப்பு முடித்ததும் ஆத்தூரில் அம்மாயி வீட்டுக்கு, அதாவது வளர்மதியின் அம்மா வீட்டுக்கு, படிக்கப் போனாள். அவள் பெரியவளான செய்தியை வளர்மதி போனில்தான் கேட்டாள். மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பஸ்ஸுக்கு மேல் பஸ் மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது, தண்ணீர் ஊற்றி, புதுப் பாவாடை கட்டி, எல்லாம் முடிந்திருந்தது. மகள் மூலையில் உட்கார்ந்து, “இப்பத்தான் வர்றீங்களாம்மா?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியை வளர்மதி மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆத்தூருக்கு மாற்றல்.

மலைக்குத் திரும்பிய வாரமே, பக்கத்து வீட்டுப் பொன்னம்மாளிடம் ஓர் ஆண்குட்டி வாங்கினாள். கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. அதை மடியில் வைத்துக்கொண்டு அந்தோணியார் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“அந்தோணியாரே, கடவுள்கிட்டச் சொல்லி எங்களுக்கு ஆத்தூருக்கு மாத்தல் வாங்கிக் குடுத்துரு. குடுத்தியன்னா இந்தக் கிடா உனக்கு.”

கொடுக்காவிட்டால் கிடா யாருக்கு என்பதை அவள் சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் சொல்லாமல் விட்டாள். சாமியிடமும் கொஞ்சம் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தாள்.

அடுத்த நாள் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பொன்னம்மாள் பட்டியில் இதே மாதிரி நெற்றி வெளுத்த கறுப்புக்குட்டி இன்னும் இரண்டு இருந்தன. மேயப் போன இடத்தில் மாற்றிவிட்டால்? குட்டியைப் பிடித்து இடது காது நுனியை வெட்டி, மஞ்சள் வைத்து அடையாளம் பண்ணிவிட்டாள்.

அந்த மலையில் காது அறுத்துவிட்ட கிடாவுக்கு ஒரே அர்த்தம்தான். அது சாமிக்கு நேர்ந்துவிட்டது. யார் காட்டில் மேய்ந்தாலும் விரட்டக் கூடாது, கல்லெறியக் கூடாது. கீழ்நாட்டுக்காரியான வளர்மதிக்கு இது தெரியாது. பொன்னம்மாள் குட்டியின் காதைப் பார்த்துவிட்டு, “எந்தச் சாமிக்கு அம்மிணி?” என்று கேட்டாள். தன் ரகசிய வேண்டுதல் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று வளர்மதி திடுக்கிட்டுப் போனாள்.

“அந்தோணியாருக்குங்க.”

“என்னமோ ஒரு சாமி. நல்லா இருக்கட்டும்” என்று பொன்னம்மாள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்தக் குட்டிக்கு வந்தது வாழ்வு. ராகிக் காட்டில் புகுந்தால், “சாமி தின்னுட்டுப் போகுது” என்று ஒதுங்கி நின்றார்கள். மரவள்ளி இலை ஆட்டுக்கு ஆகாது என்பதால், மரவள்ளிக் கொல்லைப் பக்கம் போனால் மட்டும் பொன்னம்மாள் ஒரு கை மொச்சையைக் காட்டி, தன் சாமைக் காட்டுக்குக் கூட்டி வந்து விடுவாள். யாராவது கூட்டி வருவார்களா, தன் பயிரைத் தின்னச் சொல்லி? வளர்மதி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். இந்த அம்மாவுக்கு இதில் என்ன லாபம் என்று யோசிப்பாள். ஒன்றும் பிடிபடாது. ஆனால் தீவனச் செலவு இல்லாமல் கிடா கொழுக்கிறது. அவள் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. கிடா கன்றுக்குட்டி உயரம் வளர்ந்துவிட்டது. மாற்றல் மட்டும் வரவில்லை. ஜெபமாலை சொல்லி முடிக்கும்போதெல்லாம், “என்ன அந்தோணியாரே, கிடாவப் பாத்தியா?” என்று ஞாபகப்படுத்துவாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு சனிக்கிழமை மதியம், சவரிமுத்துவோடு வேலை பார்க்கும் ஓம்பிரகாஷ் வண்டியில் வந்து இறங்கினான். வாய் நிறைய அண்ணி, அண்ணி என்று கூப்பிடுவான். அதனாலேயே வளர்மதிக்கு அவனைக் கண்டால் ஆகாது.

“நாளைக்கு நம்ம பெரிய ஐயா குடும்பத்தோட மேல வர்றாருங்க அண்ணி. வாசலூர்பட்டியில போட்டிங். மத்தியானச் சாப்பாடு நம்ம பொறுப்பு.”

“நம்ம பொறுப்புன்னா யாரு பொறுப்பு?”

அவன் சிரித்தான். வாசலில் அசைபோட்டுக்கொண்டிருந்த கிடாவைப் பார்த்தான். “ஐயா கோழியக் கையில தொடமாட்டாருங்க. மலையில மேஞ்ச கிடான்னா உசுரு.” திண்ணையில் இருந்த சவரிமுத்து பக்கம் திரும்பினான். “அண்ணே, ஆத்தூர்ல ஒரு எடம் காலியாகுது, தெரியுமில்ல? ஒரே எடம். ஐயா மனசு வெச்சா அடுத்த மாசமே ஆர்டர்.”

“ஏன், அந்த எடம் உங்களுக்கு வேண்டாமா?” என்றாள் வளர்மதி.

“நான் ராசிபுரத்துக்காரனுங்க அண்ணி. ஆத்தூர் எனக்கெதுக்கு?” கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஆத்தூர் என்ற சொல் காதில் விழுந்த பிறகு வேறு எதுவும் அவள் காதில் சரியாக விழவில்லை.

அவன் போனபின் புருஷனும் பெண்சாதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“அது நேந்துவுட்டதாச்சே வளரு” என்றார் சவரிமுத்து.

“மாத்தல் வந்தாத்தானுங்க அவருக்கு. இன்னும் வரலையே.”

“எனக்கு மனசு ஒப்பல. நீ என்ன சொல்றயோ அப்படியே செஞ்சுக்கலாம்.”

“ஓகோ. பாவத்தை எந்தலையில கட்டிட்டு நீங்க நல்லவரா இருந்துக்கலாம்னு பாக்கறீங்களா?”

“நான் எங்க கட்டுனேன்? கேட்டேன்.”

“கேக்கற தினுசிலயே தெரியுதே.”

அவள் அடுப்படிக்குப் போனாள். அரிசி களைந்தாள். களைந்த அரிசியை மறுபடி களைந்தாள். மனசு ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தது. மனசுக்கு வழியா பஞ்சம்? மாற்றல் கொடுப்பவர் கடவுள். அவர் கையெழுத்துப் போட மாட்டார், ஆபீசர்தான் போடுவார். ஆபீசருக்குக் கிடா போட்டு மாற்றல் வந்தால், அதுவும் அந்தோணியார் செய்ததுதானே? ஆத்தூர்ச் சந்தையில் இதைவிடப் பெரிய கிடாவாக வாங்கி அவருக்கு விட்டுவிட்டால் போகிறது. கிடா கிடாதானே. அவர் நெற்றி வெள்ளையா பார்க்கப் போகிறார்?

ஈரக் கையோடு வெளியே வந்து சொன்னாள். “காலையில வரச் சொல்லுங்க.”

அப்போதே மகளுக்குப் போன் போட்டாள்.

“சங்கீதா, அடுத்த மாசம் நாங்க அங்கயே வந்துருவோம் கண்ணு.”

“போன வருசமும் இதேதான் சொன்னீங்க.”

“இந்தத் தடவை நெசம் சாமி.”

“நெசமாவாம்மா?” அந்தக் குரல் எழும்பிய எழும்பல் இருக்கிறதே, அதைக் கேட்ட வளர்மதிக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கிடா தானாக வாசலுக்கு வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. பத்து நிமிடம் பார்த்தாள். முதல் சந்தேகம் ஓம்பிரகாஷ் மேல். முன்னாலேயே ஓட்டிக்கொண்டு போய், தன் கிடா என்று சொல்லி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறானோ? இரண்டாவது சந்தேகம் சவரிமுத்து மேல். மனசு ஒப்பவில்லை என்றாரே, எங்காவது ஒளித்துவிட்டாரோ? அவர் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குறட்டை நிஜம்தானா என்று குனிந்து பார்த்தாள். நிஜம்தான். அப்போது பொன்னம்மாள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு செருமல் கேட்டது. கிடாவின் செருமல். இரண்டு வருடமாகக் கேட்ட தொண்டை தெரியாதா?

பொன்னம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வளர்மதி பத்துக் கேள்வியை மனசுக்குள் வரிசை கட்டிக்கொண்டு போய் நின்றாள்.

“பொன்னம்மாக்கா, எங்க கிடாவப் பாத்தீங்களா?”

“பாத்தேன் அம்மிணி. உள்ளதான் கட்டியிருக்கறேன்.”

பத்துக் கேள்வியும் வீணாகப் போயிற்று.

“எம்பட கிடாவ நீங்க எதுக்குக் கட்டுனீங்க?”

“மத்தியானம் வண்டியில வந்த அந்தத் தம்பி ரோட்டுல நின்னு போன்ல பேசுனான். கிடா ரெடி, காலையில ஜீப்புல தூக்கிக்கலாம், ஆபீசருக்கு விருந்துன்னு. சாமிகிடாவத் திருடறான்னுதான் மொதல்ல நெனைச்சேன். அப்பறம் நெனைச்சேன், ஊட்டுக்காரிக்குத் தெரியாம எப்படித் திருடுவான்?”

“என்னையவா சந்தேகப்பட்டீங்க?”

“ஆமா” என்றாள் பொன்னம்மாள், அடுத்த மொச்சையை எடுத்துக்கொண்டே.

ஊரையே சந்தேகப்பட்டவள் வளர்மதி. அவளை ஒருத்தி சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. அது எப்படி எரியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. சந்தேகம் சரியாகவும் இருந்ததுதான் கூடுதல் எரிச்சல்.

“எங்க சாமி, எங்க கிடா. நாங்க வெட்டுவோம், வுடுவோம். உங்களுக்கென்ன வந்துச்சு?”

பொன்னம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“எனக்கென்னவா? ரெண்டு வருசமா என்ற சாமைக் காட்டுல மேஞ்சிருக்குது அம்மிணி. அந்தாண்ட ராசு காட்டுல ராகியப் பாதி முடிச்சிருக்குது. உங்க சாமி யாருன்னு எங்களுக்குத் தெரியாது. பேரு கூட வாயில நொழைய மாட்டேங்குது. சாமிக்குன்னு நீ சொன்ன, நாங்க கையக் கட்டிட்டு நின்னோம். ஆபீசருக்குன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே கல்லெடுத்து வீசியிருப்பேன்.” எழுந்து கதவை அகலமாகத் திறந்தாள். “வம்பே வேண்டாம். உம்பட கிடான்னா இப்பவே அவுத்து ஓட்டிட்டுப் போ, நான் தடுக்க மாட்டேன். சாமிகிடான்னா காலையில வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். எதுன்னு நீயே சொல்லு.”

உள்ளே கிடா தழையைக் கடித்தபடி வளர்மதியைப் பார்த்தது. எம்பட கிடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை. அடுத்த மாதம் ஆத்தூர். மகளுக்குத் தன் கையால் தலை பின்னிவிடலாம். “நெசமாவாம்மா?” என்ற குரல் காதுக்குள்ளேயே நின்றது.

அந்தக் கிடாவின் உடம்பில் தன்னுடையது என்று என்ன இருக்கிறது என்று அவள் பார்த்தாள். குட்டியாக வாங்கியது உண்மை. மற்றதெல்லாம் சாமை, ராகி, மொச்சை. அந்தோணியார் யாரென்றே தெரியாதவர்கள் அவர் பேருக்காகக் கொடுத்தது. எதையும் கேட்காமல் கொடுத்தது. வேண்டுதல் பண்ணினவள், தினமும் ஜெபமாலை உருட்டினவள், அவருக்கென்று ஒரு கைப்பிடிகூடக் கொடுக்கவில்லை. கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டதை அவர் தராததால் இன்றைக்கு ஆபீசரிடம் போகப் பார்த்தாள். இவ்வளவு நாள் அவள் கும்பிட்டது யாரை? ஆத்தூரைத்தான் கும்பிட்டாளோ? இந்தச் சந்தேகம் அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

“சாமிகிடாதானுங்க” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“ஆங்?”

“சாமிகிடாதானுங்க அக்கா. இங்கயே இருக்கட்டும்.”

சொல்லிவிட்டுத் திரும்பியவள், நாலடி போய், மறுபடி வந்து, உள்ளே புகுந்து முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அது வேறு விஷயம்.

ஞாயிறு காலை கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். சவரிமுத்து ஒரு கட்டுத் தழையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். பாதி வழியில் ஜீப் எதிரே வந்து நின்றது. ஓம்பிரகாஷ் தலையை நீட்டினான்.

“அண்ணி! வண்டி இங்க, நீங்க எங்க போறீங்க?”

“பூசைக்கு.”

“கிடாவுமா?”

“அதுக்குத்தான் பூசை.”

“அய்யோ, ஐயா வந்துட்டாருங்க. படகுல ஏறிட்டாரு.”

“எறங்குனதும் வரச் சொல்லுங்க. பூசைக்கு யாரு வேண்ணாலும் வரலாம்.”

“அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. ஆத்தூருண்ணே!”

சவரிமுத்து தழைக்கட்டைத் தோள் மாற்றினார். “நான் சொன்னா கிடா கூடக் கேக்காது தம்பி” என்றார்.

“அப்பறம் என்னைய ஒன்னும் சொல்லக் கூடாது” என்று ஓம்பிரகாஷ் வண்டியைத் திருப்பினான். வளர்மதி அந்த வண்டி மரவள்ளிக் கொல்லையைச் சுற்றி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இன்னும் இருந்தான். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் இறுக்கிக்கொண்டாள். கிடா பிடித்து இழுத்த பக்கம் நடந்தாள்.

சின்னக் கோயில். பூசைக்கு இருபது முப்பது பேர், பெரும்பாலும் கீழேயிருந்து வேலைக்கு வந்தவர்கள். பங்குச் சாமியார் கிடாவைப் பார்த்ததும் வேண்டுதல் கருத்து எழுதும் நோட்டை எடுத்தார்.

“என்ன கருத்துக்கு ஒப்புக்கொடுக்கறீங்கம்மா?”

“கருத்து ஒன்னுமில்லீங்க சாமி.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “மாற்றலுக்குன்னு போன வாரம்கூடச் சொன்னீங்களே?”

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு வந்தாயிற்று, சொன்னால் என்ன? எழுதிக்கொள்ளட்டுமே. அவள் கயிற்றை அவர் பக்கம் நீட்டினாள்.

“அது வேண்டாமுங்க. இது அவருக்குன்னு மேஞ்சது. அவருகிட்ட வந்து சேந்துருச்சு. அவ்வளவுதான் எழுதிக்கோங்க.”

சாமியாருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் யாரும் அவரிடம் கிடா கொண்டுவந்ததில்லை. “ஊட்டுல ஏதும் பிரச்சனையா?” என்று சவரிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

பூசை முடிந்து கிடாவை வெட்டி, மத்தியானம் எல்லாருக்கும் கறிசோறு. வளர்மதி ஒரு தூக்குவாளியில் போட்டு, பொன்னம்மாளுக்குக் கொண்டுவந்தாள். பொன்னம்மாள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். தொடவில்லை.

“இதத் தின்னா எங்களையும் உங்க மதத்துல சேத்திருவாங்களா?”

“உங்க சாமையத் தின்னு எங்க கிடா உங்க மதத்துல சேந்துருச்சா?”

பொன்னம்மாள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். “உப்புப் பத்தல” என்றாள். “நீ தின்னியா?”

“இல்லீங்க அக்கா. எறங்கல.”

மகளுக்குப் போன் போட்டுச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சங்கீதா, “எனக்குத் தெரியும்மா, வரமாட்டீங்கன்னு” என்று வைத்துவிட்டாள். வளர்மதி போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பு அணையும் வரை உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாள் மகள் போனை எடுக்கவில்லை. ஆறாம் நாள் அவளே கூப்பிட்டாள். “அம்மா, கிடாவுக்கு வலிச்சிருக்குமா?” என்று கேட்டாள். இருவரும் அழுதார்கள்.

அடுத்த மாதம் ஆத்தூருக்கு ஆர்டர் வந்தது. ஓம்பிரகாஷுக்கு. அவன் வேறெங்கோ ஒரு கிடா பிடித்திருந்தான். அவனைப் பற்றிய சந்தேகம் மட்டும் வளர்மதிக்குத் தப்பவில்லை.

உடனே கேட்பீர்கள், இவளுடைய பக்திக்கு மெச்சி அந்தோணியார் பின்னால் மாற்றல் வாங்கிக் கொடுத்தாரா என்று. கொடுக்கவில்லை. கொடுத்தார் என்று சொன்னால் அது பொய். அவள் இன்னும் அதே ஓட்டு வீட்டில்தான் இருக்கிறாள். சங்கீதா பதினொன்றாம் வகுப்பும் ஆத்தூரிலேயே படிக்கிறாள், லீவுக்கு வருகிறாள். குளிரில் வளர்மதிக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது. பாலை இன்னும் விரலால் தொட்டுத்தான் பார்க்கிறாள். செவ்வாய்க்கிழமைதோறும் கோயிலுக்குப் போகிறாள். மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். கேட்பதற்கு வாய் வரும்போதெல்லாம், இது அவரைப் பார்க்க வந்ததா, ஆத்தூரைப் பார்க்க வந்ததா என்று தன்னையே ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறாள். சில நாள் ஆத்தூர்தான் என்று பிடிபட்டுவிடும். அன்றைக்கு ஒன்றும் கேட்காமல், கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறாள். மெழுகுவர்த்தியைக் கோயில்பிள்ளை அணைத்தால் அணைத்துக்கொள்ளட்டும் என்று படி இறங்குகிறாள். இறங்கிவிட்டு ஒரு தடவை மட்டும் திரும்பிப் பார்ப்பாள்.

இந்தத் தை மாதம் பொன்னம்மாள் ஒரு பெட்டைக்குட்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டாள். “கிடா போன எடம் வெறிச்சுன்னு கெடக்குது. வெச்சுக்கோ” என்றாள். வளர்மதி குட்டியைத் தூக்கி, பல்லைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், வாலைத் தூக்கிப் பார்த்தாள்.

“சீக்குக்குட்டியத் தரமாட்டேன், தெகிரியமா வெச்சுக்கோ” என்று பொன்னம்மாள் சிரித்தாள். “காது அறுக்கலையா?”

“இல்லீங்க அக்கா. இது எனக்கு. உங்க காட்டுல மேஞ்சா கல்லெடுத்து வெரட்டுங்க.”

பொன்னம்மாள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

நாலு நாள் கழித்துக் குட்டி சாமைத் தாள் மேயப் புகுந்தது. வளர்மதி ஜன்னலோரம் ஒளிந்து நின்றாள். பொன்னம்மாள் நிஜமாகவே விரட்டுகிறாளா, பாவம் பார்த்து விட்டுவிடுகிறாளா என்று பார்க்க வேண்டுமே. பொன்னம்மாள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். நன்றாகக் குறி பார்த்து எறிந்தாள். குட்டி கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தது. வளர்மதி கதவைத் திறந்து அதைத் தூக்கிக்கொண்டாள். அவளுக்கு ஏனோ சிரிப்பு வந்தது.